வரலாற்று வேடங்களும் சிவாஜி கணேசனின் தயாரிப்பும்

வரலாற்று நாடகத்திலோ வரலாற்றுத் திரைப்படத்திலோ நடிப்பவர், தாம் நேரில் கண்டிராத ஒருவரை மக்கள் முன் உயிரோடு நிறுத்த வேண்டியவர் ஆகிறார். கற்பனைக் கதையில் வரும் பாத்திரத்துக்கு நடிகரும் கதாசிரியரும் விரும்பிய உருவத்தைக் கொடுக்கலாம். வரலாற்று மனிதருக்கு அந்தச் சுதந்திரம் முழுமையாக இல்லை. அவரைப் பற்றிய ஆவணம், நூல், கதைப்பாடல், சிலை, ஒளிப்படம், உறவினர்களின் நினைவு என ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கும். அவற்றில் எது கிடைக்கிறதோ அதற்கேற்ப நடிகரின் தயாரிப்பும் மாறும்.

தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நடிகர் சிவாஜி கணேசன் (1928–2001). சத்ரபதி சிவாஜி, வீரபாண்டிய கட்டபொம்மன், வ.உ. சிதம்பரம் பிள்ளை, அப்பர் ஆகிய நான்கு வேடங்களுக்கும் அவர் நான்கு வெவ்வேறு வழிகளில் தயாரானார். அந்த வழிகளையும், அவர் உருவாக்கிய தோற்றங்கள் மக்களின் வரலாற்று நினைவில் ஏற்படுத்திய விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாற்று வேடத்தின் தேவைகள்

வரலாற்று வேடம் ஏற்கும் நடிகர் பொதுவாக மூன்று வகையில் தயாராகிறார். முதலாவது புறத் தயாரிப்பு. அக்காலத்து உடை, அணிகலன், ஆயுதம், தலைப்பாகை, ஒப்பனை ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது உடலும் குரலும். நடை, அமரும் முறை, பேச்சின் வேகம், வாள் பிடித்தல், குதிரை ஏறுதல் போன்றவை இவ்வகை. மூன்றாவது அறிவுத் தயாரிப்பு. அந்த மனிதரின் வாழ்க்கை, அவர் காலத்து அரசியல், அவர் எடுத்த முடிவுகளின் காரணம் ஆகியவற்றைப் படித்தும் கேட்டும் அறிவது இது.

பிற நாடுகளிலும் இதே முயற்சி நடந்துள்ளது. 1898-இல் தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கம் தன் முதல் நாடகமாக ரஷ்ய மன்னர் பியோதர் கதையை மேடையேற்றியது. அதற்காக அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, குழுவினருடன் பழைய ரஷ்ய நகரங்களுக்குச் சென்று அக்காலத் துணிகளையும் பொருள்களையும் பார்த்தார், சிலவற்றை வாங்கியும் வந்தார். 1982-இல் வெளிவந்த 'காந்தி' திரைப்படத்தில் காந்தியடிகளாக நடித்த பென் கிங்ஸ்லி, காந்தியின் பழைய செய்திப்படங்களைப் பார்த்தார். உடல் எடையைக் குறைத்தார், யோகப் பயிற்சி செய்தார், ராட்டையில் நூல் நூற்கவும் கற்றார்.

காந்தியடிகள் நடப்பதையும் பேசுவதையும் படச்சுருளில் காண கிங்ஸ்லிக்கு வாய்ப்பு இருந்தது. 18-ஆம் நூற்றாண்டுப் பாளையக்காரருக்கோ 7-ஆம் நூற்றாண்டு நாயனாருக்கோ அப்படி எதுவும் கிடையாது. அங்கே நடிகர் வேறு இடங்களில் தேட வேண்டியிருந்தது.

பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி

சிவாஜி கணேசன் நடிப்புப் பள்ளியில் பயின்றவர் அல்லர். அவருக்குப் பள்ளியாக அமைந்தது, மக்கள் வழக்கில் 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட சிறுவர் நாடகக் குழு. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவ்வழியில் பல சிறுவர் குழுக்கள் தோன்றின. டி.கே.எஸ். சகோதரர்கள், என்.எஸ். கிருஷ்ணன், பி.யு. சின்னப்பா, எம்.ஜி. ராமச்சந்திரன் முதலிய பலர் இத்தகைய குழுக்களில் வளர்ந்தவர்களே. கணேசன் சிறுவயதில் சேர்ந்தது, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை நடத்திய மதுரை ஸ்ரீபால கான சபா.

சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கினார்கள். உணவும் உறக்கமும் பயிற்சியும் அங்கேதான். வாத்தியார் வசனத்தையும் பாட்டையும் சொல்லிக் கொடுப்பார். சிறுவர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும். தன் வேடத்துக்கு உரிய பாடம் மட்டும் போதாது. யாருக்காவது உடல்நலம் கெட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் உடனே நிற்க வேண்டும் என்பதால், பிறருடைய பாடமும் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் இக்குழுக்களில் இல்லாததால் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். கணேசனும் இராமாயண நாடகத்தில் சீதை, பரதன் என மாறுபட்ட வேடங்களைத் தாங்கினார்.

இந்தப் பயிற்சியால் நான்கு திறன்கள் வளர்ந்தன. நீண்ட வசனத்தை மறவாமல் சொல்லும் நினைவாற்றல் ஒன்று. ஒலிபெருக்கி பரவலாக இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மூச்சை அடக்கிப் பேசும் குரல்வளம் இன்னொன்று. பார்த்த அசைவை உடலில் உடனே ஏற்றிக்கொள்ளும் பழக்கம் மூன்றாவது. ஒரே கதையில் பல பாத்திரங்களின் இடத்தில் நின்று பார்த்ததால் கதை முழுவதையும் புரிந்துகொள்வது நான்காவது.

பாத்திரத்தின் மனநிலையை நடிகர் தம் உள்ளத்தில் தேட வேண்டும் என்பது ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வலியுறுத்தியது. பாய்ஸ் கம்பெனியில் வரிசை வேறு: முதலில் சொல் வரும், அடுத்து அசைவு வரும், அவை பழகப் பழக உணர்ச்சி வரும். கணேசனின் பிற்கால வரலாற்று வேடங்கள் அனைத்துக்கும் அடித்தளம் இந்த வரிசையே.

சத்ரபதி சிவாஜி: சொல்லிலிருந்து பிறந்த வேடம்

வி.சி. கணேசன் சிவாஜி கணேசன் ஆனது ஒரு வரலாற்று வேடத்தால்தான். சி.என். அண்ணாதுரை எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகம் 1940-களின் நடுப்பகுதியில் சென்னையில் மேடையேறியது. மராட்டிய மன்னர் சிவாஜி 1674-இல் முடிசூட முனைந்தபோது, அவர் சத்திரியர் அல்லர் என்று எழுந்த எதிர்ப்பும், காசியிலிருந்து வந்த காகபட்டர் முடிசூட்டு விழாவை நடத்தி வைத்ததும் நாடகத்தின் கருப்பொருள். வருணப் பாகுபாட்டை எதிர்க்கும் திராவிட இயக்கக் கருத்தை விளக்க அண்ணா இந்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தார். காகபட்டராக அவரே நடித்தார்.

சிவாஜி வேடத்துக்கு முதலில் எண்ணப்பட்டவர் எம்.ஜி. ராமச்சந்திரன். அது நடைபெறாததால், நடிகர் டி.வி. நாராயணசாமியின் பரிந்துரையின் பேரில் வாய்ப்பு கணேசனுக்கு வந்தது. நாடகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. நீண்ட வசனப் பிரதியைக் கணேசன் ஒரே நாளில் படித்து, அண்ணா முன்னிலையில் நடித்துக் காட்டினார் என்பது நாடக உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. நாடகத்தைப் பார்த்த பெரியார் ஈ.வெ. ராமசாமி அவரைச் 'சிவாஜி' என்று பாராட்ட, அப்பெயரே நிலைத்தது.

இங்கே மராட்டிய வரலாற்றைப் படிக்கவோ மராட்டிய உடையை ஆராயவோ நேரம் இல்லை. தயாரிப்பு முழுவதும் வசனப் பிரதிக்குள்ளேயே முடிந்துவிட்டது. பாய்ஸ் கம்பெனி தந்த நினைவாற்றல் கைகொடுத்தது. நாடகத்தின் நோக்கம் 17-ஆம் நூற்றாண்டு மராட்டியத்தை அப்படியே காட்டுவதும் அன்று. தம் காலத்து வாதம் ஒன்றைப் பழைய நிகழ்ச்சியின் வாயிலாகச் சொல்வதே நோக்கம். ஆகவே நடிகர் பேச்சின் ஆற்றலில் முழுக் கவனம் செலுத்தியது பொருத்தமாகவே அமைந்தது.

கட்டபொம்மன்: கூத்திலிருந்து திரைக்கு

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் காலத்தில் வரையப்பட்ட, நம்பத்தக்க உருவப்படம் என்று சொல்ல ஏதும் நடிகர்களுக்குக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றிய செய்திகள் இரண்டு இடங்களில் இருந்தன. ஒன்று ஆங்கிலேய அதிகாரிகளின் கடிதங்களும், அவற்றின் அடிப்படையில் கால்டுவெல் போன்றோர் எழுதிய திருநெல்வேலி வரலாறும். மற்றொன்று தென் மாவட்ட மக்கள் பாடி வந்த கதைப்பாடல்களும் ஆடி வந்த கூத்துகளும். இக்கதைப்பாடலைப் பின்னாளில் நா. வானமாமலை பதிப்பித்தார்.

கணேசனுக்குக் கட்டபொம்மன் முதலில் அறிமுகமானது கூத்தின் வழியாகத்தான். திருச்சியில் சிறுவனாக இருந்தபோது கம்பளத்தார் நடத்திய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்ததாகவும், நடிகனாக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது என்றும் அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். அவருடைய தந்தை சின்னையா மன்றாயர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். வெள்ளையரை எதிர்த்த வீரரின் கதை அந்த வீட்டில் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, திரையில் முன்னணி நடிகரான நிலையில், அவர் அந்த ஆசையை மேடையில் நிறைவேற்றினார். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் 1957-இல் அரங்கேற்றியது. அது நூறு முறைக்கும் மேல் நடந்தது. பின்னர் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் பத்மினி பிக்சர்ஸ் தயாரித்த திரைப்படமாக 1959 மே மாதம் வெளிவந்தது. கட்டபொம்மன் வரலாறு குறித்து நூல் எழுதிய ம.பொ. சிவஞானம் அதற்கு வரலாற்று ஆலோசனை தந்தார். போர்க் காட்சிகள் ஜெய்ப்பூர்ப் பகுதியில் படமாக்கப்பட்டன. படம் கேவா கலரில் எடுக்கப்பட்டு, லண்டனில் டெக்னிகலர் படிகளாக்கப்பட்டது.

இந்த வரிசையைக் கவனித்தால், திரைப்பட வேடத்துக்கான உண்மையான ஒத்திகை எங்கே நடந்தது என்பது புரியும். சாதாரணமாகத் திரைப்பட நடிகருக்குச் சில நாள் ஒத்திகை கிடைப்பதே அரிது. கணேசனுக்கோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், ஊர் ஊராகப் பொதுமக்கள் முன்னிலையில் அதே பாத்திரத்தைத் தாங்கும் வாய்ப்பு இருந்தது. எந்தச் சொல்லை எங்கே நிறுத்தினால் கைதட்டல் எழுகிறது, எங்கே குரலைத் தாழ்த்தினால் அரங்கம் அமைதியாகிறது, தூக்குமேடையை நோக்கி எந்த வேகத்தில் நடந்தால் மக்கள் கண் கலங்குகிறார்கள் என்பதையெல்லாம் அந்த மேடைகளிலேயே தெரிந்துகொள்ள முடிந்தது. முறுக்கிய மீசை, நிமிர்ந்த மார்பு, விரைவான திருப்பம், உயர்ந்து தாழும் குரல் என நாம் இன்று கட்டபொம்மனோடு சேர்த்து நினைப்பவை இப்படி உருவானவை.

1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதும், ஜி. ராமநாதனுக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருதும் கிடைத்தன. தமிழ் தெரியாத நடுவர்களையும் அந்த உடல்மொழியும் குரலும் எட்டின என்பதற்கு இது சான்று.

ஆவணம் காட்டும் கட்டபொம்மன்

படத்தில் மக்கள் மறக்காத காட்சி, கலெக்டர் ஜாக்சனுடன் கட்டபொம்மன் நடத்தும் சொற்போர். ஜாக்சனாக சி.ஆர். பார்த்திபன் நடித்தார். பள்ளி ஆண்டு விழாக்களில் மாணவர்கள் இன்றும் ஒப்பிக்கும் காட்சி இதுதான்.

ஆவணங்கள் வழியே தெரியவரும் சந்திப்பு வேறு விதமானது. வரி பாக்கி தொடர்பாக ஜாக்சன் கட்டபொம்மனை வரச் சொன்னார். சந்திக்க வந்தவரை உடனே பார்க்காமல் ஊர் ஊராகத் தம் பின்னால் அலைய வைத்தார். இறுதியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. நெடுநேரம் நிற்க வைக்கப்பட்டதாகக் கட்டபொம்மன் பின்னர் முறையிட்டார். அவரைப் பிடித்து வைக்க முயன்றபோது கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பின்னர் நடந்த விசாரணையில் ஜாக்சன் நடந்துகொண்ட முறை தவறெனக் கருதப்பட்டு அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இதில் அவமதிப்பு உண்டு, துணிவு உண்டு, ஆபத்தும் உண்டு. ஆனால் அரங்கம் அதிரும் நீண்ட வசனம் இல்லை. அந்த வசனம் சக்தி கிருஷ்ணசாமியின் படைப்பு. மேலும், கட்டபொம்மன் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கம்பளத்து நாயக்கர் மரபினர். திரையில் அவர் பேசும் அடுக்குத்தமிழ் 1950-களின் நாடகமேடைக்கு உரியது.

கட்டபொம்மனை விடுதலை வீரராகக் கொள்வதிலேயே அக்காலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. எழுத்தாளர் தமிழ்வாணன் அதை மறுத்து எழுதினார். ம.பொ.சி. போன்றோர் அவரை விடுதலைப் போரின் முன்னோடியாக நிறுவினர். இந்த விவாதம் நூல்களில் நடந்துகொண்டிருக்க, பொதுமக்கள் மனத்தில் முடிவு திரையரங்கிலேயே ஏற்பட்டுவிட்டது. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் கணேசனே தம் செலவில் நிலம் வாங்கி, 1970-இல் சிலை எழுப்பினார். பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு 1974-இல் நினைவுக் கோட்டை அமைத்தது. உருவப்படம் இல்லாத ஒருவருக்கு, நடிகரின் தோற்றமே காலப்போக்கில் உருவப்படம் போல ஆகிவிட்டது.

வ.உ. சிதம்பரம் பிள்ளை: சாட்சிகள் முன்னே ஒரு வேடம்

அடுத்து வந்த 'கப்பலோட்டிய தமிழன்' (1961) வேறு வகையான சோதனை. இதையும் பந்துலுவே இயக்கினார். ம.பொ.சி. எழுதிய வாழ்க்கை வரலாறு படத்துக்கு அடிப்படை.

வ.உ.சி. 1872-இல் பிறந்தவர். வழக்கறிஞர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் கப்பல்களுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார். 1908-இல் கைது செய்யப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1912 இறுதியில் விடுதலையானபோது கப்பல் கம்பெனி அழிந்துபோயிருந்தது. வறுமையோடு போராடி 1936-இல் மறைந்தார்.

படம் வெளிவந்தபோது அவர் மறைந்து 25 ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய ஒளிப்படங்கள் இருந்தன. அவரோடு பழகியவர்களும் அவருடைய பிள்ளைகளும் உயிரோடு இருந்தனர். கட்டபொம்மனுக்குச் செய்ததுபோல மீசையையும் குரலையும் மேடைக்கு ஏற்றபடி வளர்த்துக்கொள்ள இங்கே இடமில்லை. தவறினால் சுட்டிக்காட்டச் சாட்சிகள் இருந்தார்கள்.

கணேசனின் நடிப்பும் அதற்கேற்ப மாறியது. தலைப்பாகையும் கோட்டும் அணிந்த வழக்கறிஞரின் மிடுக்கு முற்பகுதியில் இருக்கும். பேச்சு உரத்து எழுந்தாலும் கட்டபொம்மனின் கர்ச்சனை அதில் இல்லை. சிறைக் காட்சிகளில் வசனம் குறைகிறது. செக்கிழுக்கும் உடலின் சோர்வே பேசுகிறது. விடுதலையாகி வெளியே வரும்போது, வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. தொழுநோயால் உருமாறிய சுப்பிரமணிய சிவா மட்டும் காத்திருக்கிறார். சிவாவாக நடித்தவர் நாடக மேதை டி.கே. சண்முகம். பாரதியாக நடித்தவர் எஸ்.வி. சுப்பையா. மூவரும் சிறுவர் நாடகக் குழுக்களில் பயிற்சி பெற்றவர்கள். உரக்கப் பேசப் பழகியவர்கள் அடங்கி நடித்ததுதான் அக்காட்சிகளின் பலம்.

படத்தைப் பார்த்த வ.உ.சி.யின் மகன், தம் தந்தையையே மீண்டும் கண்டதுபோல் இருந்தது என்று கூறி நெகிழ்ந்தாராம். தமக்குக் கிடைத்த விருதுகளில் அதையே பெரியதாகக் கருதுவதாகக் கணேசன் சொல்லியிருக்கிறார். கெய்ரோ விருது பெற்ற ஒருவர் இப்படிச் சொன்னது கவனிக்கத் தக்கது. விழா நடுவர் நடிப்புத் திறமையை மதிப்பிடலாம். அந்த மனிதர் இப்படித்தான் இருந்தார் என்று சொல்லும் தகுதி அவரோடு வாழ்ந்தவருக்கு மட்டுமே உண்டு.

ஆனால் படம் வெளிவந்த காலத்தில் வசூலில் வெற்றி பெறவில்லை. வென்று வீழ்ந்த வீரரின் கதையை ஏற்ற மக்கள், கடனிலும் மறதியிலும் முடிந்த வாழ்க்கையை அப்போது அதே ஆர்வத்தோடு ஏற்கவில்லை. பிற்காலத்தில்தான் அது சிறந்த படங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

அப்பர்: சிலையும் வாழும் துறவியும்

ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'திருவருட்செல்வர்' (1967) படத்தில் கணேசன் பல வேடங்களில் தோன்றினார். அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது, முதுமையடைந்த திருநாவுக்கரசர் வேடம். அப்பர் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவரைப் பற்றிய விரிவான வரலாறு, ஏறத்தாழ 5 நூற்றாண்டுகளுக்குப் பின் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில்தான் கிடைக்கிறது.

தோற்றத்துக்கு வழிகாட்டச் சிலைகள் இருந்தன. மழித்த தலை, உருத்திராக்கம், திருநீறு, தோளில் சாய்ந்த உழவாரப்படை ஆகியவற்றைத் தமிழகக் கோயில்களின் கற்சிலையிலும் செப்புத் திருமேனியிலும் காணலாம். கோயில் சுற்றில் புல் செதுக்கும் கருவியைத் தாங்கியிருப்பதால் நால்வருள் அப்பரை எளிதில் அடையாளம் காண முடியும். எனவே ஒப்பனைக்கும் உடைக்கும் குறை இல்லை.

குறை இருந்தது அசைவில். சிலை நிற்கும், நடக்காது. முதிர்ந்த துறவி எப்படி அடியெடுத்து வைப்பார், எப்படி உட்காருவார், எதிரே இருப்பவரை எப்படிப் பார்ப்பார் என்பதைச் சிலை சொல்லாது. அதற்காகக் கணேசன் வாழும் ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டார். காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளை நேரில் சந்தித்தபோது அவருடைய அசைவுகளை மனத்தில் பதித்துக்கொண்டதாகவும், அப்பர் வேடத்தில் அவற்றையே பின்பற்றியதாகவும் அவர் தெரிவித்துள்ளார். அப்போது கணேசனுக்கு 40 வயதுகூட நிறைவடையவில்லை. கூனிய முதுகு, தளர்ந்த நடை, கனிந்த பார்வை ஆகியவற்றால் முதுமையை அவர் உடலில் ஏற்றினார்.

காஞ்சித் துறவி அத்துவைத மரபின் மடாதிபதி. அப்பரோ சைவ சமயக் குரவர், மடாதிபதியும் அல்லர். இருவருக்கும் இடையே 1,300 ஆண்டு இடைவெளி உண்டு. நடிகர் எடுத்துக்கொண்டது தத்துவத்தை அன்று, முதுமையும் துறவும் ஓர் உடலில் சேரும்போது தோன்றும் அடக்கத்தை. பார்த்த அசைவை அப்படியே உடலில் ஏற்றும் பாய்ஸ் கம்பெனிப் பழக்கம் இங்கே முழுமையாகப் பயன்பட்டது.

நான்கு வேடங்கள் காட்டும் பாடம்

நான்கு வேடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. சத்ரபதி சிவாஜிக்கு ஆதாரம் வசனப் பிரதி. கட்டபொம்மனுக்குக் கூத்தும் மேடையும். வ.உ.சி.க்கு நூலும் ஒளிப்படமும் உயிரோடிருந்த சாட்சிகளும். அப்பருக்குச் சிலையும் ஒரு வாழும் துறவியும். ஆதாரம் எவ்வளவு நெருக்கமாக இருந்ததோ, அவ்வளவுக்கு நடிகர் தம்மைக் குறைத்துக்கொண்டார். ஆதாரம் எவ்வளவு மங்கலாக இருந்ததோ, அவ்வளவுக்கு நடிகரின் கற்பனை அந்த இடத்தை நிரப்பியது.

இதனால் ஒரு விந்தையான நிலை ஏற்பட்டது. மிகுந்த சான்றுகளோடு அமைந்த வ.உ.சி. வேடத்தை உடனே பார்த்தவர்கள் குறைவு. மிகக் குறைந்த சான்றுகளோடு அமைந்த கட்டபொம்மன் வேடமோ நாடு முழுவதும் பரவியது. இராமநாதபுரத்தில் கட்டபொம்மன் என்ன பேசினார் என்று கேட்டால், பெரும்பாலோர் திரைப்பட வசனத்தையே சொல்வார்கள்.

இதை நடிகரின் குற்றம் என்று கொள்ள முடியாது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் ஒருவரின் பெயர் தமிழகத்தின் எல்லா வீடுகளுக்கும் சென்று சேர்ந்ததில் அந்த நாடகத்துக்கும் படத்துக்கும் பெரும் பங்கு உண்டு. கதைப்பாடல் பாடியவர்களும் கூத்து ஆடியவர்களும் தென் மாவட்டங்களில் செய்த பணியை, அவர்கள் கூத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவர் பெரிய அளவில் தொடர்ந்தார் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் நடிகரின் வேலை நம்ப வைப்பது. நம்பியதைச் சரிபார்ப்பது வரலாறு படிப்பவரின் வேலை.

வரலாற்றுப் படம் பார்க்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்வது நல்லது. இந்த மனிதரின் தோற்றம் எந்த ஆதாரத்திலிருந்து வந்தது? இந்தச் சொற்கள் அவர் பேசியவையா, வசனகர்த்தா எழுதியவையா? இந்த நிகழ்ச்சியை அக்கால ஆவணங்கள் எப்படிச் சொல்கின்றன? இவற்றுக்கு விடை தேடுவதால் நடிப்பின் சுவை குறைந்துவிடாது. ஜாக்சன் முன் நெடுநேரம் நிறுத்தி வைக்கப்பட்ட கட்டபொம்மனை ஆவணத்தில் படித்தபின் அந்தத் திரைக்காட்சியைப் பார்ப்பவருக்கு, உண்மையில் பேச வாய்ப்பில்லாமல் நின்ற ஒருவருக்கு நாடகாசிரியரும் நடிகரும் சேர்ந்து குரல் கொடுத்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.